எலுமிச்சம்பழத்தின் மேல் இறங்கிய ஹெலிகாப்டர்

படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்தில் ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே இறங்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்னும் பிடிபடவில்லை. வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் சேர்ந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். எழுபதுகளின் கடைசியில் லீவுக்கு வந்தபோது, ரேடியோ வைத்து ஓட்டும் ஹெலிகாப்டர் ஒன்று கொண்டுவந்தார். கைக்குழந்தையைப் போல் இரண்டு கையாலும் ஏந்தித் தூக்க வேண்டும். மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்றினால் எஞ்சின் ஓடும். மாமா அதை இரண்டு தரம் தரையில் மோதவிட்டார். வெறுத்துப்போய், “நீயே வச்சு மாரடி” என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போனார்.

மில்லில் ஷிப்டு முடிந்ததும் மூலக்குளம் பக்கம் வீடு வராத மனைகளுக்கு எடுத்துப்போவேன். அது மேலே நிற்கும் நேரத்தில் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அதுவே போதும். ஒரு நாள் சுற்றிக்கொண்டிருந்த இறக்கை என் இடது கட்டைவிரல் நரம்பை அறுத்தது. விரல் தங்கியது, ஆனால் மடங்கவில்லை. பெண் தருவதாக இருந்தவர்கள், “கை விளங்காத மாப்பிள்ளையா?” என்று காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஹெலிகாப்டரைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றினேன்.

சில வருஷம் கழித்து மாமா ஓய்வு பெற்று, மூலக்குளத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்ததும் கேட்டார்.

“அது பறக்குதா, பரண்ல தூங்குதா?”

மடங்காத விரலைக் காட்டினேன்.

“என் சிநேகிதன் மருமவன் பாரீசுலேர்ந்து வந்திருக்கான். கேக்குறான். குடுத்துடவா?”

“வேணாம் மாமா. நான் மறுபடியும் ஓட்றேன்.”

“அப்ப ஆயுத பூஜை அன்னிக்கு எல்லார் முன்னாடியும் மேல ஏத்தி, நிறுத்தி, ஒழுங்கா எறக்கு. எறக்கிட்டா உன்னுது. இல்லன்னா அவனுது.”

ரேடியோவில் உள்ள குச்சியைத் தள்ளி ஏற்றுவதும் இறக்குவதும் இடது கட்டைவிரல் வேலை. என் விரலோ கட்டை. அதனால் முதலில் கற்றுக்கொண்ட மாதிரியே பயிற்சிக் கால் கட்டினேன். இரண்டு பிரம்பைப் பெருக்கல் குறியாகக் கட்டி, நாலு முனையிலும் பிளாஸ்டிக் பந்து செருகி, ஹெலிகாப்டரின் அடியில் கட்டிவிட வேண்டும். கோணலாக இறங்கினாலும் பந்து தாங்கும், சாயாது. முதலில் தரையோடு தரையாக வழுக்கவிட்டேன். பிறகு முழங்கால் உயரம். விரலால் முடியாததை மணிக்கட்டால் செய்யப் பழகினேன்.

மாமாவின் பழைய பட்டாளத்துக் கூட்டாளிகள் சாயங்காலம் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மாமாவை ‘மிசே’ என்று பிரெஞ்சு மரியாதையோடுதான் கூப்பிடுவார்கள்.

“இன்னா மிசே, உங்க மச்சான் நடைவண்டி ஓட்டுறாரு?”

“பேதிக்குக் குடுக்குற எண்ணெய ஊத்துறான்யா. அதான் மேல போவ மாட்டேங்குது, ஓரமா போயி குந்துது.”

மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

ஆயுத பூஜை அன்று அக்கா மிக்சிக்கும் தையல் மிஷினுக்கும் மாமாவின் மொபெட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மொபெட் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கூட்டாளிகள் ஒயின் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து மனையில் ஜல்லியும் முள்ளுமாகக் கிடந்தது. நடுவில் ஒரு கட்டில் அளவு இடத்தை மட்டும் நான் கூட்டிச் சமன் செய்திருந்தேன்.

எஞ்சினைக் கிளப்பப் போனபோது மாமா குனிந்தார். பழம் அறுக்க வைத்திருந்த கத்தியால் பிரம்புக் கட்டை அறுத்துப் பயிற்சிக் கால்களை உருவினார்.

“மாமா, இன்னும் ஒரு மாசம் போவட்டும் மாமா.”

“நாப்பது வயசாவுது, இன்னும் ஒரு மாசம் கேக்குறியா? ஏத்துடா.”

ஏற்றினேன். பயிற்சிக் கால் இல்லாததால் லேசாகிப்போய் முதலில் துள்ளியது. மணிக்கட்டைத் திருப்பினேன், அடங்கியது. ஆள் உயரத்தில் அசையாமல் நின்றது. கூட்டாளிகள் வாயை மூடிக்கொண்டார்கள். அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நிற்றல் எனக்கு வாய்த்ததில்லை.

அப்போது மாமா எழுந்துபோய், நான் கூட்டி வைத்த இடத்தில் எலுமிச்சம்பழங்களை உருட்டிவிட்டார்.

“வண்டின்னா பழத்த நசுக்கித்தாண்டா எறங்கணும்!”

மொபெட்டின் டயர் ரப்பர். இதன் சொந்தக் கால்கள் வழவழப்பான இரும்புக் கம்பிகள். பழத்தில் பட்டால் வழுக்கும். “எடுத்துடுங்க மாமா” என்றேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் கத்தியிருக்கலாம். எனக்குக் கத்த வராது. எண்ணெய் தீர்ந்து எஞ்சின் இருமத் தொடங்கியது. சுற்றிலும் ஆட்கள், ஜல்லி, முள். வேறு இடம் இல்லை.

மெல்லத்தான் இறக்கினேன். ஒரு கம்பி தரையில் பட்டது, மற்றது பழத்தின்மேல் ஏறி உருண்டது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. இறக்கை தரையை அடித்துச் சிதறி ஒரு துண்டு நாற்காலிவரை போனது. வால் மடங்கியது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அக்கா ஓடிவந்தாள். என்னையோ ஹெலிகாப்டரையோ அவள் பார்க்கவில்லை.

“ஐயோ, பழம் நசுங்கலயே! முழுசா கெடக்குதே! வீட்டுக்கு ஆவாதுடா பாவி. நல்ல நாள்ல இப்பிடிப் பண்ணிட்டியே.”

மாமா பழத்தைக் காலால் மிதித்து நசுக்கிவிட்டு, “பேச்சு பேச்சுதான்” என்றார். “உடைஞ்சத சரி பண்ணி நீயே கொண்டுபோய் அவன்கிட்ட குடு.”

பெட்டியில் மாற்று இறக்கைகள் இருந்தன. வாலை நிமிர்த்தி, எல்லாம் பூட்டி, சைக்கிள் கேரியரில் கட்டி உழவர்கரைக்குக் கொண்டுபோனேன். அந்த மருமகன் வாசலுக்கு வந்து, “பழத்து மேல எறக்குனது நீங்கதானா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். எஞ்சினைக் கிளப்பிக் காட்டச் சொன்னார். கிளப்பினேன், ஒரே முயற்சியில் பிடித்தது. பறக்கவிட்டும் காட்டலாம் என்று ரேடியோவை எடுத்துத் தோளில் மாட்டப் போனேன். அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “போதும், நீங்க கெளம்புங்க” என்றார்.

அதன்பிறகு அக்கா வீட்டுக்கு நான் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

எழுதி முடித்தது: 1988 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை.