ஜெராக்ஸ் கடை ஸ்வர்ணலதா

பௌர்ணமி என்றால் காலையிலேயே வந்துவிடுவாள். வெள்ளைப் பூ மட்டும்தான் வேண்டும். நந்தியாவட்டையோ மல்லியோ, எதுவானாலும் உதிரியாக வேண்டும். கட்டின சரத்தைத் தொடமாட்டாள். காம்புகளைக் கிள்ளி என் கூடை ஓரத்திலேயே போட்டுவிட்டு, பூக்களை மட்டும் இலையில் அடுக்கிக்கொண்டு போவாள். தலையில் ஒன்றுகூட வைத்துக்கொள்ள மாட்டாள். ஐந்து வருடமாக இப்படித்தான்.

"எந்தக் கோயிலுக்குடி?" என்று கேட்டால், "வீட்டுக்குத்தாங்க்கா" என்பாள்.

ஸ்வர்ணலதாவுக்கு இப்போது இருபது வயது. சிதம்பரம் கீழ சன்னதியில் என் பூக்கூடைக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் வேலை. 2006இல் திருகோணமலையில் சண்டை மறுபடி தொடங்கியபோது அப்பா அம்மாவோடு படகில் வந்தவள். கொஞ்ச நாள் கடலூர் பக்கம் முகாமில் இருந்தார்கள். பிறகு போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு இங்கே வாடகைக்கு வந்தார்கள். அப்பா பெயிண்ட் அடிக்கிறார்.

எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. 'அவுங்க', 'ஜாஸ்தி' எல்லாம் சொல்வாள். பயந்தால் மட்டும் 'ஆமா'வுக்குப் பதிலாக 'ஓம்' என்று வரும். தாள்களை மிஷினில் வைக்குமுன் மேசையில் இரண்டு தட்டுத் தட்டி நேராக்குவாள். ஒரே தாளாக இருந்தாலும் தட்டுவாள்.

மதியம் அவள் அம்மா சாப்பாடு கொண்டுவருவார். யார் என்ன கேட்டாலும் கைச்சாடைதான். "தொண்டையில ஆப்பரேசன்க்கா" என்று ஸ்வர்ணலதா சொல்லியிருந்தாள். நான் அதிமதுரம்கூட வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மாவும் வாங்கிக்கொண்டார்.

கடைக்காரர் ஞானசேகரன் வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம ஈழத்துப் பொண்ணு" என்று அவளைக் காட்டுவார். 2009 தொடக்கத்தில், அங்கே குண்டு விழுகிற செய்தி தினமும் வந்துகொண்டிருந்தபோது, தெருமுனையில் உண்ணாவிரதப் பந்தல் போட்டார்கள். அவரும் முன்னால் நின்றவர். ஸ்வர்ணலதா மேடையில் பேசுவாள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியும் விட்டார். அவளிடம் அதற்குப் பிறகுதான் சொன்னார்.

"சிங்களவன்னா அத்தன பேரும் மிருகந்தான்னு ஆரம்பி பாப்பா. கைதட்டு அள்ளும்."

"அப்புடிச் சொல்ல மாட்டேன்ணா. எங்க அம்மா சிங்களம்."

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் பக்கிரி சிரித்துவிட்டார். "ஒங்கம்மாவுக்குத்தான் பேச்சே வராதே. அதுல என்னா சிங்களம், தமிழு?"

"வரும் மாமா. சிங்களந்தான் நல்லா வரும். வாயத் தொறந்தா தெரிஞ்சிடும்னு முகாம்லயே அப்பா பேச வேணான்னுட்டாரு."

ஞானசேகரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத எதுக்கும்மா இப்ப சொல்ற?"

"நீங்கதானண்ணா பேசச் சொன்னீங்க."

பௌர்ணமிப் பூ யாருக்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் சின்னதாக ஒரு புத்தர் படம் இருக்கிறதாம்.

அவளுடைய அத்தை, அப்பாவின் தங்கை, அப்போது வன்னியில் மாட்டிக்கொண்டிருந்தார். "அத்தைக்காகச் சாப்புடாம ஒக்காறேன். பேச மட்டும் மாட்டேன்" என்றாள். சொன்னபடியே பந்தலில் கடைசி வரிசையில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது. அத்தையைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

அடுத்த நாள் ஞானசேகரன் அவளை முன் மேசையிலிருந்து எழுப்பி, உள் அறையில் லேமினேஷன் மிஷினுக்கு மாற்றினார். "நாலு பேரு வர்ற எடம்க்கா. உள்ள இருந்தா அதுக்கும் நல்லது" என்று என்னிடம் சொன்னார். சம்பளத்தைக் குறைக்கவில்லை. அந்த வாரமே அவர்கள் வீட்டுக் கதவில் யாரோ சாணியை அடித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லவில்லை. "கழுவி வுட்டுடும்மா" என்றாராம்.

இது 2012. முன் மேசையில் வேறு பெண் இருக்கிறாள். ஸ்வர்ணலதா இன்னும் உள்ளேதான். மதியம் அவள் அம்மா வருகிறார். கடைப்படி ஏறுவதில்லை. தெருவில் நின்றே "துவே" என்று கூப்பிடுகிறார். மகளே என்று அர்த்தமாம். சத்தம் கேட்டதும் ஞானசேகரன் கை நீட்டி ரேடியோவைக் கூட்டி வைக்கிறார். அந்த அம்மா இன்னொரு தரம், இன்னும் உரக்கக் கூப்பிடுகிறார்.