உடைத்ததில் மிஞ்சிய சப்வூஃபர்

என் கணவன் ஹோம் தியேட்டரின் மெயின் செட்டைத் தூக்கி என்மேல் எறிந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அது இடது தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கையிலிருந்த பானை நழுவி, கஞ்சி முழுக்கப் பாதத்தில் கொட்டியது. எது முதலில் வலித்தது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

அப்போது கருங்குழியில் வாடகை வீட்டில் இருந்தோம். அவன் டிப்பர் லாரி ஓட்டினான். நான் ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளில் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கும் லைனில் வேலை செய்தேன். அந்த ஹோம் தியேட்டர் என் சம்பளத்தில் வாங்கியது. எனக்குப் பாட்டு என்றால் பேஸ் அடி கேட்க வேண்டும். நெஞ்சுக்கூட்டில் தட்டுகிற மாதிரி இருந்தால்தான் பாட்டு. ஆனால் அது வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்கு வேறு விதமாகப் பயன்பட்டது. என்னை அடிப்பதற்கு முன் பாட்டைப் போட்டு, பேஸ் முழுக்கக் கூட்டி வைப்பான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பாட்டு மட்டும் கேட்கும்.

அன்றைக்கு அடித்துக்கொண்டிருக்கும்போதே செட்டு பொசுக்கென்று நின்றுவிட்டது. நான் கத்தியது மட்டும் தெருவில் போய் விழுந்தது. அடுத்த வீட்டு ஆட்டோக்காரர் கதவைத் தட்டி, "இன்னாப்பா அங்க சத்தம்?" என்றார். அவன் அடியை நிறுத்தினான்; நான் அடுப்பிலிருந்த சோற்றை வடிக்கத் திரும்பினேன். ஆனால் ஆட்டோக்காரர் கேட்டது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒயர்களோடு செட்டைப் பிடுங்கினான். அப்போதுதான் எறிந்தது.

ஆட்டோக்காரரும் அவர் மனைவியும் என்னை மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். சேதி கேட்டு அச்சரப்பாக்கத்திலிருந்து தம்பி வந்து, கட்டுப் போட்ட கையோடு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். மறுநாள் என் துணிமணி எடுக்கப் போன தம்பியை என் கணவன் வாசலிலேயே நிறுத்தி, வீட்டிலிருந்ததை ஒவ்வொன்றாகத் தெருவில் வீசியிருக்கிறான். பீரோ கதவு, தையல் மெஷின், சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள் எல்லாம் நொறுங்கிவிட்டன. தம்பி பைக்கில் கட்டிக்கொண்டு வந்தது ஒரு மூட்டைத் துணியும், பேஸ் அடிக்கிற சப்வூஃபர் பெட்டியும்தான்.

"வேற எதுவும் உருப்படியா இல்லக்கா. இது ஒண்ணுதான் ஒடையாம கீது" என்றான்.

ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. ஆனால் அது வெறும் பெட்டி. உள்ளே ஸ்பீக்கரும் இரண்டு ஒயரும்தான். அதற்கு உயிர் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர் மெயின் செட்டுக்குள் இருந்தது. மெயின் செட்டோ என் தோளை உடைத்துவிட்டு அதுவும் உடைந்திருந்தது.

தம்பி வீடு சின்னது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. தம்பி பெண்டாட்டி என்னை எதுவும் சொன்னதில்லை. ஆனால் பாத்திரங்களை வைக்கிற சத்தத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எனக்கும் புரிந்தது. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாத்தனாரை எத்தனை நாள்தான் சகிப்பாள். பெட்டி வேறு நடையை அடைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, இந்தப் பொட்டி எதுக்கு? காயலான் கடையில போட்டுறலாமா?"

"வேணாம்மா. இருக்கட்டும்."

அவள் பெட்டியைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டுப் போனாள்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் அதை உட்கார்ந்து பார்த்தேன். போனில் வீடியோக்கள் பார்த்து, பழைய பெட்டிக்குத் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டு போட்டுவிடலாம் என்று தெரிந்துகொண்டிருந்தேன். முதலில் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். டிவி ரிமோட்டிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி, ஒயர் நுனிகளை அதன் இரண்டு பக்கமும் தொட்டேன். கூம்பு முன்னால் எகிறி 'டப்' என்றது.

நான் இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டேன்.

தம்பி பெண்டாட்டி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணி? ஷாக் அடிச்சிதா?"

"இல்ல."

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தரையில் கிடந்த பேட்டரியை எடுத்து ரிமோட்டில் போட்டாள். பிறகு, "பாட்டப் போட்டுகினுதான் அடிப்பானா?" என்றாள். தம்பி சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன். அதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் அன்றைக்கு அவளிடம் சொன்னேன். பெல்ட், பிரம்பு, ஒருமுறை இரும்புச் சங்கிலி. கேட்டு முடித்துவிட்டு அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள். அதன்பின் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

புதிதாக ஒரு செட்டு வாங்க வழியில்லை. அதனால் கிடைத்ததை வைத்துச் செய்வதென்று முடிவு. மதுராந்தகத்துக் காயலான் கடையில் பழைய லேப்டாப் சார்ஜர் ஒன்று கிடைத்தது. பத்தொன்பது வோல்ட். செங்கல்பட்டில் ஒரு ஸ்பேர் கடையில், இருபத்துநாலு வோல்ட் வரை தாங்கும், பேஸை மட்டும் பிரித்துக் கொடுக்கிற சின்ன போர்டு வாங்கினேன். பாடுகிற குரலெல்லாம் டிவியிலேயே வரும், அடி மட்டும் பெட்டிக்குப் போகும். போர்டைத் தாங்கிப் பிடிக்கத் தகடு வேண்டும் என்றதும், தம்பி பெண்டாட்டியே ஓட்டை விழுந்த அலுமினிய மூடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியின் முதுகில் ரம்பத்தால் சதுரமாக அறுத்து, மூடியை வெட்டித் திருகி, காற்று கசியாமல் ஓரத்தில் எம்-சீல் பசை பூசினேன். போர்டைத் தகட்டில் பொருத்தும் முன் ஒயர்களுக்குச் சால்டர் வைப்பது மட்டும் பாக்கி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பி மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் பெயிண்ட் வேலைக்குப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் ஒயருக்குச் சால்டர் வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் என் கணவன் நிற்கிறான். குடித்திருந்தான்.

"கெளம்பு. வூட்டுக்குப் போலாம்."

"வரமாட்டேன்."

"ஊரு முழுக்கச் சிரிக்குது. நான் பொண்டாட்டி இல்லாம ஒக்காந்துகினு இருக்கணுமா? எழுந்திருடி."

"வரமாட்டேன்னு சொல்றேன் இல்ல."

முடியைப் பிடித்து இழுத்தான். முறிந்து கூடிய தோள் தரையில் இடித்து, கண்ணுக்குள் வெள்ளையாக மின்னியது. காலைத் தூக்கி விலாவில் உதைத்தான். இழுத்த இழுப்பில் போர்டு சறுக்கிப்போய் அவன் காலடியில் கிடந்தது. அது என்னவென்றே அவனுக்குத் தெரியாது. மிதித்தான். மடக்கென்று உடைந்தது. சூடான சால்டரிங் அயர்ன் மட்டும் என் கையில் இருந்தது. விடவே இல்லை.

என் முடியைப் பிடித்திருந்த மணிக்கட்டில் அதை வைத்து அழுத்தினேன்.

தோல் பொரிகிற சத்தமும் தீய்ந்த வாடையும் வந்தன. அவன் அலறினான். கை விட்டது. ஆனாலும் இன்னொரு கையால் என் கழுத்தைப் பிடித்தான். மூச்சு நின்றது. அப்போது அவன் முதுகில் எதுவோ விழுந்தது. தம்பி பெண்டாட்டி பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கி அடித்திருந்தாள். மறுபடி அடித்தாள். நாற்காலிக் கால் முறிந்து பறந்தது. அவன் திரும்பி அவள் வாயில் முஷ்டியால் குத்தினான். ரத்தம் ஜாக்கெட் வரை வழிந்தது. அவள் நிற்கவே இல்லை. உடைந்த நாற்காலியோடு, "எங்க வூட்டுக்குள்ள வந்தியாடா? எங்க வூட்டுக்குள்ள வந்தியா?" என்று கத்திக்கொண்டே அடித்தாள். நானும் எழுந்து, கிடைத்த இடத்திலெல்லாம் சுட்டேன். அவனுக்கு வலிக்க வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு இப்போதும் வெட்கம் இல்லை.

தெருக்காரர்கள் வந்து பிடித்து, அவனை மின்கம்பத்தில் கட்டிவிட்டுப் போலீஸுக்குச் சொன்னார்கள்.

மகளிர் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரம்மா அவன் கையைப் பார்த்துவிட்டு, "எதாலம்மா சுட்ட?" என்று கேட்டார்.

"சால்டரிங் அயர்ன் மேடம். கம்பெனில நம்ம வேலையே அதான்."

அவர் கொஞ்ச நேரம் என் கழுத்திலிருந்த விரல் தடங்களைப் பார்த்தார். பிறகு, "உக்காரும்மா" என்றார். அவனும் என்மேல் ஒரு புகார் கொடுத்தான். அது எடுபடவில்லை.

தம்பி பெண்டாட்டிக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. தம்பி அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அவள் முகத்தையும் என்னையும் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். அவள்தான், "எந்திரிய்யா. ஒரு பல்லுதானே" என்றாள்.

வேறு போர்டு வாங்கிவந்து மாட்டினேன். முதல் முறை 'ம்ம்ம்' என்று ஓயாத ஒரு முனகல் மட்டும் வந்தது. டிவிக்குப் போகிற ஒயரை மாற்றிய பிறகு அது நின்றது. பாட்டு போட்டோம். தரை அதிர்ந்தது. என் கைகள் தானாகத் தலைக்கு ஏறின. தம்பி பெண்டாட்டி பெட்டிமேல் கையை வைத்து என்னைப் பார்த்தாள். நான் ஓடவில்லை. பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றேன். மறுநாளும் போட்டேன். தலையை மறைத்துக்கொள்ளாமல் ஒரு முழுப் பாட்டைக் கேட்க எனக்கு அந்த மழைக்காலம் முழுக்க ஆனது.

விவாகரத்து கேஸ் செங்கல்பட்டு கோர்ட்டில் நடக்கிறது. போன வாய்தாவுக்கு, ஜாமீனில் இருந்த அவனும் வந்திருந்தான். சட்டைக் கையை முழுக்க இறக்கிப் பொத்தான் போட்டிருந்தான். வராந்தாவில் என்னைக் கடக்கும்போது நின்று, "உன்ன சும்மா வுடமாட்டேன்" என்றான், என் வக்கீல் காதில் விழாதபடி. என் பக்கத்திலிருந்த தம்பி பெண்டாட்டி, முன்பல் போன வாயைத் திறந்து சத்தமாகவே கேட்டாள்: "இன்னா சொன்ன? நல்லா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவன் தன் வக்கீலைத் தேடிப் போய்விட்டான். மறுபடி சேர்ந்திருந்த கம்பெனியில் எனக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட் இருந்தது. வாய்தா தேதி வாங்கிக்கொண்டு, இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.