அக்காவுக்குத் தெரிந்திருந்தது

என் சித்தி மகன் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். வீட்டில் நாலு பேர் கூடிப் பேசினால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவான். அதனால் 'முசுடு' என்று பெயர். ஐம்பத்தாறு வயதில், தனக்கு ஆட்டிசமோ என்று சந்தேகம் வந்து, பரிசோதனைக்குப் போகலாமா என்று யோசித்தான். சிறுவயதில் அவனைப் பார்த்தவர் ஒருவர் உடன் வர வேண்டுமாம். தன் அக்காவைக் கேட்டான்.

"கிழவனானப்புறம் அதெல்லாம் எதுக்குடா? உன்னை ஒன்பது வயசுலயே மனநல டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி ஸ்கூல் டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. என் கல்யாணம் நின்னுடும்னு அம்மா மறைச்சுட்டாங்க."

"தெரிஞ்சுமாக்கா நீயும் என்னை முசுடுன்னு கூப்பிட்ட?"

அக்கா தலைகுனிந்துகொண்டாள்.

"திங்கக்கிழமை என்கூட டாக்டர்கிட்ட கிளம்பி வா. என்கிட்ட சொல்லாததை அவர்கிட்டயாவது சொல்லு," என்றான்.