மருந்து தங்காத உடம்பு

எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரே வருஷத்தில் ஒரே நோய் வந்தது. நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் புற்றுநோய், லிம்போமா என்றார்கள். எனக்குக் கழுத்தில் கட்டி, அவருக்குத் தொடை இடுக்கில். ஒரே வகை, ஏறக்குறைய ஒரே கட்டம். கூடப் பிறந்தவர்களுக்கு அபூர்வமாக இப்படி வருவதுண்டு என்றார் மதுரை டாக்டர். ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுற்றுலாக்காரர்களை வேனில் ஏற்றிப்போவது அண்ணனின் தொழில். "நல்லதாப் போச்சு, ஒரே வண்டியில போய்ட்டு வந்துரலாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரை. பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே மருந்து. உயரமும் எடையும் பார்த்து அவருக்கு அளவு கொஞ்சம் கூடுதல். ஏற்றி முடிக்க ஒரு பகல் முழுக்க ஆகும். லாட்ஜில் தங்கி, மறுநாள் காலையில் கிளம்புவோம். ஓட்டுவது யார்? அண்ணனேதான். டாக்டர் திட்டிப் பார்த்தார், கேட்கவில்லை. பின் சீட்டில் நான் மடியில் வாளியை வைத்துக்கொண்டு குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுப்பேன். அவர் பரமக்குடியில் நிறுத்தி நாலு புரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவார். பாம்பன் பாலத்தில் ஓரங்கட்டி, இறங்கிக் காற்று வாங்குவார். முடி மட்டும் இருவருக்கும் கொட்டியது. ராமேசுவரத்தில் ஆம்பளை மொட்டையை யார் கேட்கப் போகிறார்கள், ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். நான்தான் வெயிலில் முக்காடு போட்டுத் திரிந்தேன். அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டும்போது அந்த மொட்டைத் தலையைப் பின்னாலிருந்து பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

மூன்றாவது தடவை போய் வந்த மறுநாள், என் துணியையும் சேர்த்துத் துவைத்துக்கொண்டிருந்த மதினி என்னைத் தன் வீட்டுத் துவைக்கிற கல்லுக்குக் கூப்பிட்டாள். அண்ணன் மனைவி என்றாலும் என் வயதுக்காரி, வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வோம்.

"ஏடி, இங்கன வா. ஒன் நைட்டியில மருந்து வாடை கொடலப் பொரட்டுது. இவுக சட்டையில ஒண்ணுமே இல்ல. நீயே மோந்து பாரு."

முகர்ந்தேன். வேர்வை இருந்தது, டீசல் இருந்தது, மருந்து இல்லை. எங்களுக்கு ஏற்றும் மருந்தில் ஒன்று சிவப்பு. சிறுநீரும் சிவப்பாகப் போகும். எனக்கு இரண்டு நாளைக்குப் போகும். தனக்கு லாட்ஜிலேயே வெளுத்துவிடுவதாக அண்ணன் பெருமையடித்தது அப்போது ஞாபகம் வந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களோடு ஆஸ்பத்திரிக்கே வராத யாரோ ஓர் ஆளைப் போல இருந்தார்.

நான் தேறவில்லை. வாயெல்லாம் புண், ரத்தத்தில் வெள்ளையணு குறைந்து காய்ச்சல், இரண்டு முறை ஆஸ்பத்திரிவாசம். முதுகுளத்தூரிலிருந்தும் நயினார்கோவிலிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்பது, ஆப்பிள் பையை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்ததிலேயே தெரிந்தது. ஒரு சித்தி போர்வைக்குள் கையை விட்டு, என் பாதம் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டு, "இன்னும் நேரமிருக்கு சித்தி" என்றேன். அண்ணனிடம் எல்லோரும், "நீ தப்பிச்சுட்டப்பா" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நான்காவது தடவைக்குப் பிறகு, நோய் இருக்கும் இடம் ஒளிர்ந்து தெரியும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் படத்தில் மூளையும் மூத்திரப்பையும் மட்டும் ஒளிர்ந்தன. அது எல்லோருக்கும் அப்படித்தானாம். அண்ணன் படத்தில் தொடை இடுக்கு ஒளிர்ந்தது. வயிற்றிலும் அக்குளிலும் புதிதாகப் புள்ளிகள்.

மதினி எழுந்து நின்றுவிட்டாள். "சார், படம் மாறிப்போச்சு. நல்லாப் பாருங்க. சாகக் கெடந்தவ இவ!"

எனக்குக் கோபம் வரவில்லை. மாறியிருக்கக் கூடாது சாமி, மாறியிருக்கவே கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் பக்கத்து நாற்காலியில், என் தோள் உரச உட்கார்ந்திருந்தார். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த நோயில் பொதுவாகப் பெண்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். ஊசிகளில் ஒன்று பெண்கள் உடம்பில் மெதுவாகக் கழிகிறது, ஆண்கள் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. மருந்து அதிக நேரம் நிற்பதால் படுத்துவதும் பெண்களைத்தான் அதிகம். ஆனால் உங்கள் அண்ணனுக்கு இதுதான் காரணமென்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். மதினி காதில் கடைசி வாக்கியம் விழவில்லை.

திரும்பும்போதும் அண்ணன்தான் ஓட்டினார். பார்த்திபனூர் தாண்டினோம். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏத்தா, அந்தக் கொமட்டல் எப்படித்தான் இருக்கும்?"

"நாக்குல இரும்பு ருசி வரும்ண்ணே. அப்பறம் வயித்துக்குள்ள யாரோ ஈரத்துணியப் பிழியிற மாதிரி இருக்கும்."

"எனக்கு ஒரு தடவகூட வரல, பாரு."

குரலில் பொறாமை இருந்தது. என் வாந்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

அவருக்கு வேறு, கடுமையான மருந்து ஆரம்பித்தார்கள். வீடு திரும்பிய இரண்டாம் நாள் காலையில் போன் வந்தது. "ஏத்தா, வந்துருச்சு! ரெண்டு தடவ எடுத்துட்டேன்!" இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. மூச்சிரைக்கப் போனேன். கொல்லைச் சுவரைப் பிடித்துக் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தார். மதினி முதுகைத் தடவியபடி, "நிக்குதுடி, மருந்து உள்ள நிக்குது" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அன்று கேசரி கிண்டினாள். அவரால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. அதுவும் எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவர் சுருண்டு படுத்த ஒவ்வொரு நாளையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம். இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தியும் இல்லை, வலியும் சொல்லவில்லை, சும்மா கிடந்தார். "மருந்து நல்லாப் பிடிச்சிருக்குல்லடி?" என்று கேட்டாள் மதினி. மருந்து படுத்தும் பாடு எப்படி இருக்கும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் அத்துப்படி. இது அது இல்லை. அண்ணன் கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றேன்.