கோதுமை ஆகாத மாப்பிள்ளை

எனக்குக் கோதுமை ஆகாது. விஷயம் இந்த மூன்று சொல்தான். ஆனால் எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில் இதை மூன்று சொல்லாகவே எடுத்துக்கொண்ட ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை. யாரோ வைத்த சூனியம் என்றார்கள். வடக்கே போய்க் குடித்துக் கெட்ட குடல் என்றார்கள். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, "நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொழுப்பு" என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வடக்கே ஒரு ஃபாக்டரியில் ஆறு வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். அங்கே மூன்று வேளையும் சப்பாத்தி. தின்னத் தின்ன இளைத்தேன். கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாயை விட்டு, குடலில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் பார்த்த டாக்டர் சீலியாக் என்று ஒரு பெயர் சொன்னார். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் துளிகூட ஆகாது. மருந்து கேட்டேன். மருந்து கிடையாது, சோறு சாப்பிடு என்றார். நெல் வயலுக்கு நடுவே, மாகறல் கிராமத்தில் பிறந்தவனிடம் இதைச் சொல்ல இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியா என்று சிரித்துக்கொண்டே வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

அந்தச் சிரிப்பு ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. நெல் விளைகிற சீமையில் அரிசிக்கு மரியாதை கிடையாது. வீட்டில் இருக்கிறவனுக்குத்தான் சோறு. காய்ச்சல் வந்தால் பன், சர்க்கரை வந்தால் சப்பாத்தி, விருந்தாளி வந்தால் பூரி, கல்யாணம் என்றால் ரவா கேசரியும் சேமியா பாயசமும். ஒருவன் மேல் பிரியம் கூடக் கூட அவன் இலையில் கோதுமை கூடும். என்னை மதிக்காதவர்கள் வீட்டில் நான் சௌக்கியமாகச் சாப்பிட்டேன். மதித்தவர்கள்தான் என்னைக் கொல்லப் பார்த்தார்கள்.

ஓட்டல் அதைவிட மோசம். இட்லி இருந்தால் பிழைத்தேன். இல்லையென்றால் தோசைக்கல்லில் முன்னால் என்ன போட்டார்கள், சாம்பார் கெட்டியாக என்ன கரைத்தார்கள், கட்டிப் பெருங்காயத்தில் மைதா உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் சமையல்கட்டை எட்டிப் பார்த்து இப்படிக் கேட்டால் எங்கள் ஊரில் அவனுக்கு ஒரே அர்த்தம்தான்: சுகாதார இன்ஸ்பெக்டர்.

பெருநகர் என்ற ஊருக்குப் பெண் பார்க்கப் போன திங்கட்கிழமையும் அதுதான் நடந்தது. ஏழரைக்கு ராகு காலம் என்று அம்மா என்னையும் மாமாவையும் வெறும் வயிற்றோடு கிளப்பி, தானும் கூட வந்தாள். உத்திரமேரூரில் இட்லி தின்றுகொள்ளலாம் என்று நினைத்தேன். பஸ் வழியில் நின்று, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இட்லி தீர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாம்பாரைப் பற்றி இரண்டே கேள்வி கேட்டேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"சார் எந்த ஆபீசு?"

"ஆபீசெல்லாம் இல்லீங்க. சாம்பார்ல மாவு கரைச்சு ஊத்தறீங்களா?"

"மாவா? நம்ம கடையிலயா? பருப்பைத் தவிர வேற ஒண்ணும் கெடையாது சார்."

அவருக்குப் பின்னால் சரக்கு மாஸ்டர் ஒரு கிண்ணத்தில் மைதா கரைத்துக்கொண்டிருந்தார். முதலாளி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். கிண்ணம் மேஜைக்கு அடியில் போய்விட்டது. என் கையைப் பிடித்து ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, கேட்காமலேயே நாலு பூரி கொண்டுவந்து வைத்தார். காசு வேண்டாம் என்றார். மாமா அந்த நாலையும் தின்றார். எனக்குக் கடை வாசலில் இரண்டு வாழைப்பழம்.

பழத்தை உரிக்கும்போது மாமா எச்சரித்தார். "இன்னிக்கு வயித்தைப் பத்தி வாயைத் தொறந்தே, உன்னை இந்த ஊரு ஏரியில தள்ளிட்டு நான் ஊட்டுக்குப் பூடுவேன்."

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஏற்கெனவே நாலு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. போன இடத்திலெல்லாம் நான் உண்மையைச் சொன்னேன். அது அடுத்த ஊருக்குப் போவதற்குள் குடல் அழுகினவன் என்று ஆகிவிட்டது. எனக்கு முப்பத்திரண்டு வயது. இதுவும் போனால் இனி இந்தப் பக்கத்தில் பெண் கேட்டுப் போக முடியாது என்று அம்மா இரண்டு நாளாக அழுதிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று முடிவு பண்ணித்தான் மூன்று பேரும் பெருநகர் பஸ் ஏறினோம்.

பெண்ணின் அப்பா விவசாயி. நல்ல மனுஷர். எங்களைப் பாயில் உட்கார வைத்தார்கள். பெண் வந்து எல்லோருக்கும் தட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள். தட்டில் நெய் வழியும் சொஜ்ஜி. அசல் கோதுமை ரவை. பக்கத்தில் வாழைக்காய் பஜ்ஜி. கடலை மாவுதானே என்று கையை நீட்டினேன். பெண்ணின் அம்மா பெருமையாகச் சொன்னார்: "கொஞ்சம் மைதா சேத்துகீறேன். அப்பதான் மொறுமொறுன்னு இருக்கும்." நீட்டிய கை திரும்பி வந்தது. மாப்பிள்ளை உடம்புக்குக் காப்பி சூடு என்று எனக்கு மட்டும் சத்துமாவுப் பால். கோதுமையும் பார்லியும் அதில்தான் முழுசாக இருக்கிறது. மரியாதை என்றால் அவ்வளவு மரியாதை.

"இன்னா தம்பி, ஒண்ணும் தொடல?" என்றார் பெண்ணின் அப்பா.

மாமா என் தொடையைக் கிள்ளினார். "ரெண்டு வாய் துன்னு. செத்துற மாட்டே" என்று காதில் சொன்னார். சாக மாட்டேன், வாஸ்தவம். உத்திரமேரூர் வருவதற்குள் இரண்டு தடவை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வயல்வரப்பைத் தேடி ஓடுவேன், அப்புறம் மூன்று வாரம் படுக்கை. அதற்குள் உள்ளேயிருந்து உலை கொதித்து வடித்த சோற்றின் வாசனை வந்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்குப் பதினொன்றாவதாக மூளையும் பறந்தது.

"கொஞ்சம் சோறு இருந்தா போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரம் தின்னலாம், காப்பி குடிக்கலாம். சோற்றில் மட்டும் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் பெண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். நானோ வாய்விட்டுக் கேட்டே விட்டேன். பெண்ணின் அப்பா எழுந்து மாமாவைக் கட்டிக்கொண்டார். என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமா என்னை முதல் தடவையாக ஒரு புத்திசாலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கு விஷயம் உறைத்தபோது வெறும் சோற்றில் மூன்றாவது கவளம் வாயில் இருந்தது.

அதோடு விட்டார்களா? பேச்சு முடிந்தால் வாயில் இனிப்புப் போட வேண்டுமாம். பெண்ணின் அம்மா ஒரு கை சொஜ்ஜியோடு என் வாய்க்கு நேராக வந்துவிட்டார். இனி மறைக்க வழியில்லை. எனக்குக் கோதுமை ஆகாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். குடலைக் கிள்ளியது வரைக்கும் சொன்னேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

பெண்ணின் அப்பா என் தட்டைப் பார்த்துக் கேட்டார். "அப்ப இன்னாதான் துன்னலாம்?"

"சோறு."

"சோறு துன்னா நல்லா கீறீங்களா?"

"நல்லா இருக்கேன்."

"எங்க ஊட்ல ரெண்டு போகம் நெல்லு. சோறு துன்னா அடங்கிப்பூட்ற நோவு ஒரு நோவா?" என்று அவர் சிரித்தார். வாசல் களத்தில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த கூலியாள் ஒருவர், "தெனம் சோறு துன்னணும்னு டாக்டரே சொன்னாரா? எங்களுக்கும் ஒண்ணு எழுதி வாங்கியாந்து குடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாங்கள் வந்தபோது அவர் களத்தோரம் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தது சிரித்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்து கூசியது. ஆனால் நாலு இடத்தில் என்னைத் துரத்திய நோய் ஐந்தாவது இடத்தில் ஒரு நோயாகவே இல்லாமல் போனதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது பெண் ரசம் கொண்டுவந்தாள்.

"ரசத்துல பெருங்காயம் போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"போட்டுகீது."

"கட்டியா, தூளா?"

"கட்டி."

"கொழம்புல மாவு?"

"மாவு இல்ல. பருப்புதான்."

"அப்பளம் எந்த எண்ணெயில பொரிச்சது?"

"பஜ்ஜி சுட்ட எண்ணெதான். உங்களுக்கு வாணாம்" என்று அப்பளத்தை அவளே எடுத்துவிட்டாள்.

"மோர்ல பெருங்காயம் தாளிச்சிருக்கா?"

"தாளிக்கல. மோரு ஊத்திக்கங்க."

எத்தனை ஓட்டலில் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன். ஒருத்தரும் இப்படி ஒளிக்காமல், கோபிக்காமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னதில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. கல்யாணம் ஆனால் இனி எந்தச் சாம்பாரையும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீரே வந்தது. வீடு திரும்பியும் எட்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன்.

ஒன்பதாம் நாள் உத்திரமேரூர் சந்தையில் பெண்ணின் அப்பாவைப் பார்த்துவிட்டு மாமா வந்தார். என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். பெண் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம்.

"வயிறா?" என்றேன்.

"வயிறா இருந்தா பரவால்லியே" என்றார் மாமா. "அந்தாளு கெஞ்சிப் பாத்தாராம். 'ரசத்துல இன்னா கீது, அப்பளத்துல இன்னா கீதுன்னு அஞ்சு கேள்வி கேட்டாரு நைனா. எம் பேரு இன்னான்னு கேக்கல. நான் படிக்கிறனா, எனக்கு இஷ்டமா, ஒண்ணும் கேக்கல. எனக்கு வாணாம்'னு சொல்லிடுச்சாம்."

பேர் எனக்குத் தெரியும், ஜாதகத்தில் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்கவில்லை என்பது நிஜம்.

மாமா ஊர் கௌரவம் தெரிந்தவர். "வெளிய எவனாவது கேட்டா வயித்து நோவுனால தட்டிப்பூட்ச்சுன்னு சொல்லு. அதான் மரியாதை" என்றார். வாயைத் திறந்தால் ஏரியில் தள்ளுவேன் என்ற அதே மனுஷர், மறுநாள் டீக்கடையில் என் குடலைப் பற்றி அரை மணி நேரம் பேசினாராம்.

சேதி வந்த அன்று மத்தியானம், மாமா சொன்ன வயிற்றுக் காரணத்தை நம்பிய அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு, பெருநகர் இருக்கிற திசையைப் பார்த்துத் திட்டினாள். "எம்புள்ள வயித்தைக் காட்டி வாணாம்னுட்டாளே, அவ ஊட்ல எவனுக்கும் வயிறே நோவாதா" என்று ஆரம்பித்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து மோர்ச்சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை அம்மா, காரணம் வயிறு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.