மூன்றாவது சரணம்

அந்தப் பாட்டு இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஓடும். 1965 கோடையில் மெம்ஃபிஸில் அதைக் கேட்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. முடிவெட்டும் கடையில், மீன் பொரிக்கும் கடையில், திறந்த ஜன்னல்களில், எங்கும் அதுதான். 'மெல்ல ஏந்து, கண்ணே, என்னை மெல்ல ஏந்து.' எனக்கு அப்போது ஒன்பது வயது. கயிறு தாண்டி விளையாடும்போது நாங்கள் பாடியதும் அதைத்தான். வேகமான பாட்டு, கயிற்றுக்கு நன்றாகப் பொருந்தும்.

அது ஒரு குழந்தையைப் புதைத்த பாட்டு என்று எனக்குத் தெரிய இன்னும் பதின்மூன்று வருடங்கள் ஆயின.

குழந்தையின் பெயர் ஐடாபெல். நான்கு வயது. 1951இல் தொண்டை அடைப்பான் நோயில் போனாள். அவளுடைய அம்மா ஒஸெல்லா டிப்ஸ் எங்கள் தேவாலய சபையின் பாடற்குழுவில் இருந்தார்; வார நாட்களில் சலவைக்கூடத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவார். அடக்கம் முடிந்த மூன்றாம் ஞாயிறு, யாரும் அழைக்காமலே எழுந்து நின்று பாடினாராம்: 'மெல்ல ஏந்து, ஆண்டவரே, அவளை மெல்ல ஏந்து.' மூன்று சரணங்கள். முதலாவது ஆற்றைப் பற்றி, இரண்டாவது இருட்டைப் பற்றி. மூன்றாவதில்தான் ஐடாபெல் பெயரோடு வருவாள்.

எங்கள் சபையில் இப்படிப் பிறக்கும் பாட்டுகளை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். எடுத்துக்கொடுத்த பிறகு அது எல்லோருடையதும். 'என் பாட்டு' என்று சொல்கிறவரைக் கொஞ்சம் ஒருமாதிரி பார்ப்பார்கள். அதனால்தான் 1964இல் டெல்மஸ் ப்ரூயிட் வந்து கேட்டபோது ஒஸெல்லா அத்தை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. டெல்மஸ் அவருடைய கணவருக்குச் சித்தப்பா மகன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆர்கன் வாசிப்பார், மற்ற நாட்களில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடார்.

"அண்ணி, அந்தப் பாட்டை எங்க கூடத்துல ஒரு தரம் வாசிச்சுப் பாக்கட்டுமா?"

"என்னைய ஏன்டா கேக்குற? பாட்டு என்ன எங்க வீட்டுச் சட்டியா, இரவல் கேக்க?"

முதல் நாள் மூன்று சரணங்களையும் பதிந்தார்களாம். ஐந்து நிமிடம் வந்தது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் ரேடியோக்காரர்கள் தொட மாட்டார்கள் என்றார் கூடத்தின் முதலாளி. ஆண்டவர் 'கண்ணே' ஆனார். 'அவளை' என்பது 'என்னை' ஆயிற்று. தாளத்தை முடுக்கி, கைத்தட்டல் சேர்த்தார்கள். மூன்றாவது சரணம் இருந்த இடத்தில் சாக்ஸஃபோன் வந்தது. பாடியவன் சுருள்முடிக்காரன், அழகன். அடுத்த ஆகஸ்டுக்குள் நாடே ஆடியது.

சபையின் மூத்த பெண்கள் மூவர் கூடிப் பேசி, ஒஸெல்லா அத்தையைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் வாய் திறக்கக் கூடாது. "தேவனோட பாட்டைச் சாராயக்கடைக்குத் தூக்கிக் குடுத்துட்டா" என்பது குற்றம். டெல்மஸை ஒன்றும் சொல்லவில்லை. ஆர்கன் வாசிக்க வேறு ஆள் இல்லை.

வருடம் முடிந்தது. அத்தை முன்வரிசைக்குத் திரும்பவே இல்லை.

சலவைக்கூடத்தில் காலை முதல் மாலை வரை ரேடியோ ஓடும். பக்கத்து மேசை வெர்னடீன் சும்மா இருக்க மாட்டாள்.

"ஒஸெல்லா, உன் பாட்டுலதான்டி நான் என் மூணாவது புருஷனைப் புடிச்சேன்."

"அவன்தான் ஓடிட்டானேடி."

"அதுவும் உன் பாட்டுலதான். வேற ஒருத்திகூட ஆடப் போனவன், ஆடிக்கிட்டே போயிட்டான்."

நீராவிக்குள் நின்று எல்லாரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பார். இதை வெர்னடீனே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "அது புள்ளைக்குப் பாடுனதுன்னு எனக்கு யாரு சொன்னா?" என்று என்மீது எரிந்து விழுந்தாள்.

1978இல் நான் கல்லூரி முடித்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்த வருடம் சபைக்கு எழுபத்தைந்து வயது. "படிச்ச புள்ள நீ, எழுது" என்று ஆண்டு மலரை என் தலையில் கட்டினார்கள். மனிதர்களைப் பற்றி எழுத முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும் என்று படித்திருந்தேன். கேட்கவே கூடாதது ஏதாவது உண்டா என்று யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

டேப் ரிகார்டரை ஒஸெல்லா அத்தையின் சமையலறை மேசையில் வைத்தேன். முதல் சரணத்தைச் சொன்னார். இரண்டாவதைச் சொன்னார்.

"மூணாவது, அத்தை?"

வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"சாக்ஸஃபோன் ஊதுதும்மா" என்றார்.

பதின்மூன்று வருடம் பாடாமல் இருந்ததில் அது போய்விட்டது. முதல் இரண்டையும் ரேடியோ காப்பாற்றி வைத்திருந்தது, மூன்றாவதை விட்டுவிட்டது. நான் கேட்காமல் இருந்திருந்தால் அது போனது அவருக்குத் தெரிந்தே இருக்காது. இதை நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். எப்படி யோசித்தாலும் அந்த மேசையில் டேப்பை வைத்தது நான்தான்.

பழைய பாடற்குழுவில் உயிரோடு இருந்த ஆறு பேரைப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். இரண்டாவது சரணம் முடிந்ததும் ஆறு பேரும் ரெகார்டின் கடைசிப் பகுதிக்குள் வழுக்கி விழுந்தார்கள். 'மெல்ல மெல்ல, மெல்ல மெல்ல.' டெல்மஸ் மாமாவிடம் போனேன்.

"அந்த மொத நாள் நாடா எங்க மாமா?"

"அடுத்த வாரமே அதுமேல வேற ஒருத்தர் பாட்டு ஏறிடுச்சும்மா. அழிச்சு அழிச்சுத்தான் பதிவோம்."

"அதுக்கு முன்னாடி பதிமூணு வருஷம் சபையில நீங்கதானே அவங்களுக்கு வாசிச்சீங்க?"

அவர் விரல்களை விரித்துக் காட்டினார். "இதுங்களுக்கு இப்ப ரெகார்டு போற வழி மட்டுந்தான் தெரியும்."

புதிய போதகர் இளையவர். பழைய தண்டனையை நினைத்து வெட்கப்பட்டு, ஆண்டு விழா அன்று அந்தப் பாட்டைப் பாடும்படி அத்தையிடம் தானே வந்து கேட்டார். அத்தை மாட்டேன் என்றார். போதகர் போன பிறகு என்னிடம் காரணம் சொன்னார்:

"மூணாவது இல்லாமப் பாடுனா, அன்னைக்கு அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்மா. வெறும் ஆட்டப் பாட்டு. எம்புள்ள அதுலதான் இருந்தா. வேற எங்க இருந்தா? ஒரு போட்டோகூட எடுக்கல."

அன்று வீட்டுக்கு வந்து நான் ஒரு காரியம் செய்தேன். பழைய கீர்த்தனைகளின் சாயலில் நான்கு வரிகள் எழுதினேன். சிகாகோவுக்குக் குடிபோன ஒரு பழைய சபைக்காரி நினைவிலிருந்து எழுதி அனுப்பியதாகச் சொல்லி, அத்தையிடம் போய் வாசித்துக் காட்டினேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு." கண்ணைத் திறந்தார். "ஆனா ஐடாபெல்ங்கிற பேரு கடைசில வராது. மொதல்ல வரும். வாசல்ல நின்னு அவளைக் கூப்புடுறாப்புல வரும்."

சிகாகோக்காரி யார் என்று அவர் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் வைக்க எழுந்தார்.

ஆனால் பெயர் முதலில் வரும் என்பது அவருக்கு நினைவு வந்திருந்தது. அது அவரைப் பிடித்துக்கொண்டது. "சமையக்கட்டுல வராது. அன்னைக்கு நின்ன எடத்துல போயி நின்னாத்தான் வரும்" என்று சொல்லி, விழாவில் பாடச் சம்மதித்தார். மலரில் இரண்டு சரணங்களை அச்சுக்குக் கொடுத்து, கீழே நான்கு வரிக்கு இடம் விட்டேன். அச்சகத்தில் அந்த வெற்றிடத்தைப் பார்த்து, சவ அடக்கக் கடை ஒன்றின் விளம்பரத்தைப் போட்டு நிரப்பிவிட்டார்கள்.

விழா ஞாயிறு. வெள்ளை உடையில் முன்னால் வந்து நின்றார். மெதுவாக எடுத்தார். 'மெல்ல ஏந்து, ஆண்டவரே.' அந்த வேகத்தில் அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. டெல்மஸ் மாமா ஆர்கனில் பயந்து பயந்து பின்தொடர்ந்தார். ஆறு போனது, இருட்டு போனது. இரண்டாவது சரணம் முடிந்தது. அத்தை நிறுத்தினார். கண் மூடியிருந்தது. தலை சற்றுச் சாய்ந்திருந்தது, அடுத்த அறையில் யாரோ பேசுவதைக் கேட்பது போல.

பாடுகிறவர் பாதியில் நிறுத்திவிட்டால் பரிசுத்த ஆவியானவர் அழுத்துகிறார் என்று எங்களுக்கு அர்த்தம். அவரைத் தனியாக விடக் கூடாது. அது எங்கள் பழக்கம். எங்களிடம் இருக்கும் நல்ல பழக்கங்களில் ஒன்று.

"நிதானமா, சிஸ்டர்! நிதானமா!"

"கைகொடும் ஆண்டவரே!"

ஐந்து விநாடி இருக்கும். ஆறு இருக்கலாம். டெல்மஸ் மாமாவின் விரல்கள் தாமாக ஓடின, ரெகார்டின் வழியில். யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு ஒரு வரிசை. பிறகு முந்நூறு பேர் எழுந்து நின்று, அவரைத் தாங்கிப் பிடிக்க, 'மெல்ல மெல்ல, மெல்ல மெல்ல.' நானும் தட்டினேன். அன்று மடியில் வைத்துப் பதிந்த டேப்பில் எல்லாவற்றையும்விட அருகில் கேட்கும் கைத்தட்டு என்னுடையது. அத்தை கண்ணைத் திறந்தார். வாய் திறந்தபடி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த வாயும் எங்களோடு சேர்ந்து பாடியது.

கீழ்த்தளத்தில் விருந்து. பொரித்த கோழி, கீரை, பீச் பழ அடை. அன்று தண்டனை கொடுத்த மூவரில் மிஞ்சியிருந்த ஒருவர் வந்து அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். டெல்மஸ் மாமாவும் அழுதார்.

"விழுந்துருவீங்களோன்னு பயந்துட்டேன் அண்ணி. சபையே தாங்கிருச்சு பாத்தீங்களா?"

"ஆமாப்பா" என்றார் அத்தை. "தாங்குனீங்க."

எல்லோரும் நகர்ந்த பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தட்டைத் தொடவில்லை.

"வாய் வரைக்கும் வந்துச்சும்மா" என்றார், மிகத் தாழ்ந்த குரலில். "அவ பேரு வந்துச்சு. அதுக்கடுத்த வார்த்தையும் வந்து தொண்டையில நின்னுச்சு."

"இப்பச் சொல்லுங்க அத்தை. மெதுவா. யாரும் இல்ல."

அவர் முயன்றார். உதடு அசைந்தது.

"இப்பக் கைத்தட்டுதான் கேக்குது" என்றார்.