சரவணமுத்து காட்டில் வெள்ளைக் குருத்து

சரவணமுத்துக்கு வாய் நீளம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராக அலைந்து சம்பாதித்து, எருமப்பட்டிப் பக்கம் வாங்கிய விளைநிலம் அந்தக் காடு. அதில் ஒரு செடி வாடினாலும் யாரையாவது திட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

இந்தப் பட்டத்தில் மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்தபோது கிழக்கு வரப்போரம் மட்டும் குருத்து வெளுத்தது. நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசின மாதிரி பட்டை. மேற்கே பயிர் கருகருவென்று நின்றது. கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி வெள்ளியங்கிரியின் காடு. அவன் அப்போதுதான் களைக்கொல்லி அடித்திருந்தான். வேறென்ன வேண்டும்?

அமாவாசை பூசையன்று கருப்பணார் கோயிலில் ஊரே கூடியிருந்தபோது கேட்டார். "ஏன்டா, உன்ற மருந்து தானா வந்துதா, வேணுமின்னே தெளிச்சயா?"

"காத்து உங்க காட்டுல இருந்துதானுங்ணா என்ற பக்கம் அடிச்சுது."

"அப்பக் கற்பூரத்த அணைச்சுச் சொல்லு."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான் வெள்ளியங்கிரி. அத்தோடு விட்டிருக்கலாம். "பொய்ச் சத்தியத்துக்கு நல்லாப் பழகின கையாட்டம் இருக்குது" என்றார் சரவணமுத்து. நாலு பேர் சிரித்தார்கள்.

மருந்து பட்டதென்று எழுதி வாங்கத்தான் வேளாண்மை ஆபீசிலிருந்து தனப்பிரியாவை அவர் வரவழைத்தார். அந்தப் பெண் குருத்தைப் பிரித்துப் பார்த்தாள். மண்ணைக் காலால் கிளறினாள்.

"இங்க ஜேசிபி ஓட்டுனீங்களா?"

"ஆமா. மேடா இருந்துது. வழிச்சு மேக்கால தள்ளுனேன். தண்ணி பாயோணுமில்ல."

"மேல்மண்ணும் கூடவே போயிருச்சுங்க. இந்த அடிமண்ணுல துத்தநாகம் பத்தல. மருந்து பட்டிருந்தா வரப்புப் புல்லும் வெளுத்திருக்கும். பச்சையா நிக்குது பாருங்க."

அவருக்கு முகம் சுண்டிப்போனது. "அந்தத் துத்தநாகத்த நாலு மூட்டை வாங்கிக் கொட்டிப்போடறேன்" என்றார்.

"அப்படிக் கொட்டாதீங்க. அளவு மிஞ்சிப்போனா அடுத்துப் போடற நெலக்கடலை தாங்காது, தண்டு வெடிச்சிரும். துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்புத் தண்ணி சேத்துத் தெளிங்க, போதும்."

தெளித்தார். புதுக்குருத்து பச்சையாக வந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவருக்குக் கூசியது. ஒரு நாள் வரப்பில் நின்று மெல்லக் கூப்பிட்டார். "வெள்ளியங்கிரி, அது மருந்து இல்லையாமா."

"தெரியுமுங்ணா."

"மனசுல வெச்சுக்காத."

"கூட்டத்துல கேட்டீங்க. வரப்புல வந்து சொல்றீங்க." அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்த மம்பட்டியும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து அவன் கண்ணில் படாமல் சுற்றுவழியில் போய் வந்தார். பால் சொசைட்டிக்கும் மனைவி சென்னியம்மாளையே அனுப்பினார். அவளும் ஒரு காலையில் கேனைக் கீழே வைத்துவிட்டாள். "நான் போகமாட்டனுங்க. அவன் பொண்டாட்டி மொகத்துல நான் எத்தனை நாளைக்கு முழிக்கறது? பேசுனது நீங்கதான."

கேனைத் தூக்கிக்கொண்டு அவரே போனார். வரிசையில் பாதி ஊர் நின்றது. அதில் வெள்ளியங்கிரியும் இருந்தான்; அவன் முன்னால் போய் நின்றார். "என்ற காடு வெளுத்தது நான் மண்ணை வழிச்சதால. வெள்ளியங்கிரி ஒண்ணும் பண்ணல. கோயில்ல நான் பேசுனது தப்பு."

"அதைக் கற்பூரத்துக்கு முந்தி யோசிச்சிருக்கோணும்" என்றார் யாரோ.

வெள்ளியங்கிரி தன் கேனைத் தூக்கினான். "நவுருங்ணா, பால் ஊத்தோணும்."

சரவணமுத்து நகர்ந்தார். அவன் ஊற்றி, கேனைக் கழுவி, வண்டியை எடுத்துப் போகும்வரை, இன்னும் ஏதாவது சொல்வான் என்று நின்றார். பிறகு தன் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார்.